மாஸிலன் – மெக்கின்லி: ஒரு சனிக்கிழமையை வைத்து ஒரு கோச்சை எடை போடலாமா?

#1 கேன்டன்வாசி

வணக்கம். வடகிழக்கு ஒஹாயோவில் இருக்கும் நம்மவர்கள் யாராவது இங்கே இருந்தால் மனம்விட்டுப் பேச ஒரு விஷயம் இருக்கிறது. நான் இந்தப் பக்கம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மகன் ஒன்பதாம் வகுப்பு, இந்த வருஷம்தான் பள்ளி ஃபுட்பால் அணியில் சேர்ந்தான். நம் ஊர் கால்பந்து இல்லை, நீள்வட்டப் பந்தும் ஹெல்மெட்டுமாக ஆடும் அமெரிக்க ஃபுட்பால். அவன் பள்ளி நான் கீழே சொல்லப்போகும் இரண்டும் அல்ல.

சில வருஷம் முன் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை மாஸிலன் – மெக்கின்லி ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். தெரியாதவர்களுக்காக: மாஸிலனும் கேன்டனும் ஸ்டார்க் கவுண்டியில் அடுத்தடுத்த ஊர்கள், நடுவில் எட்டு மைல்தான். மாஸிலனின் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி அணிக்கு டைகர்ஸ் என்று பெயர், கேன்டனின் மெக்கின்லி உயர்நிலைப் பள்ளி அணிக்கு புல்டாக்ஸ். முதலில் மோதியது 1894-ல். இன்றும் வழக்கமான சீசனின் பத்தாவது, கடைசி வாரத்தை இந்த ஆட்டத்துக்கென்றே வைத்திருக்கிறார்கள். மாஸிலனின் மக்கள்தொகை ஏறக்குறைய 32,000. அவர்களுடைய பால் பிரவுன் டைகர் ஸ்டேடியத்தில் 16,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஊரில் பாதிப்பேருக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே பிறக்கும் ஆண் குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒரு குட்டி ஃபுட்பால் கொடுப்பது வழக்கமாக இருந்தது.

நாங்கள் உட்கார்ந்திருந்தது தோற்ற அணியின் பக்கம். எந்த வருஷம், எந்தப் பக்கம் என்பது வேண்டாம். படியிறங்கி கார் நிறுத்திய இடம் வரை காதில் விழுந்தது ஒரே பேச்சு: "இந்தக் கோச்சை முதலில் அனுப்பணும்." அந்த அணி அதுவரை ஜெயித்த ஆட்டங்கள் யார் வாயிலும் வரவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பையன், பதினாறு வயது இருக்கும், இதையெல்லாம் கேட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பள்ளிக்கூடத்துக் கோச்சை எதை வைத்து நல்லவர், சரியில்லாதவர் என்று சொல்வது? பெரிய ஆட்டத்தின் ஸ்கோரை வைத்தா? எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 கோவைப் பையன்

ஏனுங்க, பள்ளிக்கூடத்துப் பசங்க ஆட்டத்துக்கு 16,000 பேரா? நம்ம பக்கம் மாவட்டப் போட்டி ஃபைனலுக்கே மைதானத்தைச் சுத்தி நூறு பேர் நின்னா பெருசு. ஒரு சந்தேகமுங்க. ஆடறது பசங்க. தோத்தா ஏன் எல்லாரும் கோச்சை மட்டும் பிடிச்சுக்கறாங்க? நம்ம கால்பந்துல விசில் ஊதினதுக்கு அப்புறம் கோச் கத்தறது யாருக்குக் கேக்குது?

#3 ஏரிக்கரை

கோவைத் தம்பிக்கு முதலில். இந்த ஆட்டம் நின்று நின்று நடக்கும். ஒரு முயற்சி சில விநாடிதான், பிறகு எல்லாரும் கூடி நிற்பார்கள், அடுத்த முயற்சி. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் யார் எந்தப் பக்கம் ஓடுவது, பந்தை எறிவதா ஓடுவதா என்று அனேகமாகக் கோச்தான் தீர்மானிக்கிறார். நான்காவது முயற்சியில் துணிந்து ஆடுவதா, உதைத்துத் தள்ளிவிடுவதா என்பதும் அவர் கையில். ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் இப்படி முடிவு எடுக்கப்படுகிறது, அதை எல்லோரும் பார்க்கிறார்கள். பையன் பந்தைத் தவறவிட்டால் "குழந்தை, பாவம்" என்பார்கள். கோச்சுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இப்போது கேன்டன்வாசிக்கு. நான் க்ளீவ்லாந்தில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறேன், இந்த ஆட்டத்தின் மேல் எனக்குப் பெரிய பிரியம். உங்கள் கேள்விக்கு நீங்கள் சொன்ன அந்த மாஸிலன் ஸ்டேடியத்தின் பெயரிலேயே பதில் இருக்கிறது.

பால் பிரவுன் மாஸிலனிலேயே குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக, ஆடியவர். 1932-ல் அங்கே கோச்சாக வந்தபோது வயது இருபத்து மூன்று. முதல் சீசனில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி, ஒரு டிரா. மெக்கின்லியிடம் தோல்வி. 1933-ல் மறுபடி மெக்கின்லியிடம் தோல்வி. 1934-ல் வரிசையாக எல்லாவற்றையும் ஜெயித்துக்கொண்டு வந்தார், கடைசி ஆட்டத்தில் மெக்கின்லி 21-6 என்று கவிழ்த்தது. மூன்று வருஷம், மூன்று முறை, அந்த ஒரு ஆட்டத்தில் தோல்வி.

உங்களோடு படியிறங்கியவர்கள் அன்று மாஸிலனில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

1935-ல் ஜெயித்தார். அதற்குப் பிறகு 1940-ல் போகும்வரை மெக்கின்லியிடம் ஒரு முறைகூடத் தோற்கவில்லை. ஒன்பது வருஷக் கணக்கு 80 வெற்றி, 8 தோல்வி, 2 டிரா. அங்கிருந்து ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் கூப்பிட்டது, 1942-ல் தேசியப் பட்டம். பிறகு தொழில்முறை அணியான க்ளீவ்லாந்து பிரவுன்ஸ். அந்த அணியின் பெயரே அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான். அதற்கும் பிறகு சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியை உருவாக்கினார். பையன்களுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்து ஆட்ட வகைகளை எழுதவைத்துப் பரீட்சை வைத்தது, படம் பிடித்துப் பார்த்துப் பாடம் நடத்தியது என்று இன்று சாதாரணமாகத் தெரியும் பலவற்றை வேரூன்றச் செய்தவர் அவர். மாஸிலனில் அவர் செய்ததிலேயே பெரியது என்று நான் நினைப்பது வேறு: ஊரில் இருந்த நடுநிலைப் பள்ளிகளிலும் தன் முறையையே சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கற்றுக்கொண்ட பையன் உயர்நிலைக்கு வரும்போது அவனுக்கு எதுவும் புதிதாக இருக்காது. இப்படி ஒன்று பலன் தர எத்தனை வருஷம் ஆகும்? அவருக்கு அந்த வருஷங்கள் கிடைத்தன.

#4 புல்டாக் மாப்பிள்ளை

நான் மெக்கின்லி வீட்டில் பெண் எடுத்தவன். மனைவி அங்கே படித்தவள், மாமனாரும் அங்கேதான். அதனால் என் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஏரிக்கரை சார் சொன்ன கணக்கு சரி. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்து, எட்டு, ஒன்பது. 1932, 33, 34-ல் பால் பிரவுன் பெற்ற வெற்றிகள் இவை. ஊர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கவில்லை, வருஷத்துக்கு வருஷம் ஏறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறாமல் அப்படியே நிற்கும் கோச்சுக்கும் "பால் பிரவுன்கூட முதலில் தோற்றார்" என்று சொல்லிச் சொல்லி நான்கு வருஷம் ஓட்டிவிடலாம். அதற்குள் ஒரு தலைமுறைப் பையன்கள் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அந்த நான்கு வருஷம் திரும்பி வருமா?

இன்னொன்று. கேன்டனில் டிம்கன், மாஸிலனில் ரிபப்ளிக் ஸ்டீல் என்று ஆலைகள் சோறு போட்ட ஊர்கள் இவை. ஆலைகள் சுருங்கின, மூடின, பிள்ளைகள் வேலை தேடி வெளியே போனார்கள். என் மாமனார் ஓய்வு பெற்ற பிறகு பழைய வேலைக்காரர்களை வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பது அந்த ஆட்டத்தில்தான். அந்தச் சனிக்கிழமை அவர்களுக்குத் திருவிழா. ஊர் தன் மனசை அந்த ஒரு நாளில் வைத்திருக்கிறது என்றால், அந்த வேலைக்கு வருகிற கோச் அதைத் தெரிந்துதான் வருகிறார்.

எங்கள் பக்கத்திலும் பெருமைக்குக் குறைவில்லை. 1981-ல் மாநிலப் பட்டம், 1997, 1998-ல் அடுத்தடுத்து. 1997 அணி 14-0, ஆடிய பதினான்கும் வெற்றி; யுஎஸ்ஏ டுடே பத்திரிகை நாட்டிலேயே முதல் இடம் கொடுத்தது. கோச் தாம் மெக்டேனியல்ஸ். அவரும் ஒரே நாளில் வந்துவிடவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 1982-லிருந்து இருந்தவர்.

#5 ஏரிக்கரை

மாப்பிள்ளை, நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். 1982-லிருந்து 1997. பதினைந்து வருஷம் கழித்து வந்த உச்சம் அது. நடுவில் 1994-ல் இந்த இரண்டு அணிகளும் ஆடிய நூறாவது ஆட்டம் ஓவர்டைமில் 42-41, மாஸிலன் வெற்றி. மெக்டேனியல்ஸின் மகன் ஜோஷ் அந்த மெக்கின்லி அணியில் இருந்த பையன், பின்னால் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் தலைமைக் கோச் ஆனவர். அப்பா கோச், மகன் ஆட்டக்காரன், நாடே பார்த்த நூறாவது ஆட்டம், ஒரு புள்ளியில் தோல்வி. அன்று இரவு அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை எப்படி இருந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மூன்று வருஷம் கழித்து அதே அப்பாதான் 14-0 சீசனைக் கொண்டுவந்தார்.

"ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்று நீங்கள் சொன்னது நியாயமான பேச்சு, அதை ஏற்றுக்கொள்கிறேன். நானும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கச் சொல்லவில்லை. ஒன்பது வாரமும் கீழ்வகுப்பு அணிகளும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்கிறேன்.

#6 டொரன்டோ அண்ணை

நான் யாழ்ப்பாணத்தில படிச்சனான். இந்த இழையை வாசிக்க வாசிக்க வடக்கின் பெருஞ்சமர்தான் ஞாபகம் வருது. சென் ஜோன்ஸ் – யாழ் மத்திய கல்லூரி, 1904-ல துவங்கின கிரிக்கெட். அந்த மூன்று நாளும் ஊர் ஒரு வேலையும் செய்யாது. எங்கட காலத்தில தோற்ற பள்ளிக்கூடத்துப் பெடியன் ஒரு கிழமைக்குக் கடைத்தெருப் பக்கம் தலை காட்டமாட்டான்.

ஆனா ஒரு வித்தியாசம் சொல்லவேணும். எங்களுக்குப் பயிற்சி தந்தவர் கணக்கு வாத்தியார். பின்னேரம் சைக்கிளில வருவார், ஒரு சதமும் வாங்கமாட்டார். தோற்றாலும் அடுத்த நாள் காலமை அவர்தான் வகுப்புக்கு வருவார். அவரை "மாத்து" எண்டு ஆர் சொல்லுறது? கேன்டன்வாசி தம்பி, அங்க கோச்மார் ஆசிரியர்களோ, இல்லாட்டி இதுக்கெண்டே சம்பளத்துக்கு எடுக்கிற ஆக்களோ?

#7 கணக்கு டீச்சர்

டொரன்டோ அண்ணா, நான் ஒஹாயோவில் ஒரு பொதுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் பதில் என்னிடமிருந்து. இங்கே நிறைய கோச்கள் ஆசிரியர்கள்தான். ஆசிரியர் வேலைக்கு ஒரு ஒப்பந்தம், கோச் வேலைக்குத் தனியாக ஒரு துணை ஒப்பந்தம். கோச் வேலை போனால் ஆசிரியர் வேலை போக வேண்டும் என்பதில்லை. ஊரே "அனுப்பு" என்று கூச்சல் போட்டுக் கோச் வேலையிலிருந்து இறக்கிய மனிதர் திங்கட்கிழமை காலை அதே பிள்ளைகளுக்கு வரலாறோ உடற்கல்வியோ எடுக்க வந்து நிற்பார். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி நின்றார். ஓய்வறையில் அவரோடு பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

நான் கோச்சைப் பார்ப்பது வேறு கண்ணால். ஸ்கோர் எனக்கு இரண்டாம் பட்சம். நேற்று அழுத பையனிடம் இன்று எப்படிப் பேசுகிறார்? கணக்கில் தோற்றவனை ஆட விடுகிறாரா, உட்காரவைத்துப் படிக்கச் சொல்கிறாரா? தண்டனை என்று வந்தால் எல்லை தெரிந்தவரா?

2021-ல் கேன்டன் மெக்கின்லி அணியில் நடந்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். பயிற்சிக்கு வராத ஒரு மாணவனை, அவன் மத நம்பிக்கைக்கு ஆகாத பன்றி இறைச்சி போட்ட பீட்சாவைத் தண்டனையாகச் சாப்பிட வைத்தார்கள் என்று குற்றச்சாட்டு. கோச்கள் தரப்பு அதை மறுத்தது, விஷயம் கோர்ட் வரை போனது. கல்விக் குழு தலைமைக் கோச்சையும் ஆறு துணைக் கோச்களையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டது. யார் சொன்னது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு என் வீட்டுச் சைவப் பிள்ளையை நினைத்துத் தூக்கம் வரவில்லை, அது மட்டும் உண்மை. "டீமுக்காக இந்த ஒரு தடவை சாப்பிடு" என்று ஒரு பெரியவர் சொன்னால் என் பையன் என்ன செய்வான்? மறுத்துப் பேசுவானா? பதினான்கு வயதில் கோச்சின் வார்த்தை அப்பா அம்மாவின் வார்த்தையைவிடப் பெரிதாக இருக்கிறது. இந்த அதிகாரத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதைப் பார்க்க மெக்கின்லி ஆட்டத்தின் ஸ்கோர் எந்த விதத்திலும் உதவாது.

#8 புல்டாக் மாப்பிள்ளை

டீச்சர், அந்த விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. மாமனார் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் மறுக்கமாட்டேன்.

#9 இரவு ஷிஃப்ட்

நான் நர்ஸ், அக்ரன் பக்கம். அவசரப் பிரிவில் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஜெர்ஸியோடு வரும் பையன்களைப் பார்ப்பேன். யாரும் இதைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தலையில் அடி. ஒஹாயோவில் 2013-லிருந்து சட்டம் இருக்கிறது: மூளை அதிர்ச்சியின் அறிகுறி தெரிந்தால் கோச்சோ நடுவரோ அந்தப் பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும். அன்றைக்கு மறுபடி இறக்கக்கூடாது. மருத்துவரோ உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளரோ எழுத்தில் கொடுத்தால்தான் திரும்ப ஆடலாம். சட்டம் தெளிவு. மைதானத்தில் நடப்பது அவ்வளவு தெளிவு இல்லை. பையன் "எனக்கு ஒண்ணுமில்லை கோச்" என்பான், பொய் சொல்வான். பரம எதிரியோடு ஆட்டம், ஸ்கோர் சமம், ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி, அவன்தான் அணியின் நல்ல ஓட்டக்காரன். அரங்கம் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது அவன் கண்ணைப் பார்த்து "உட்கார்" என்று சொல்ல வேண்டியவர் கோச். அப்படி உட்காரவைத்து அந்த ஆட்டத்தில் தோற்ற கோச்சை ஊர் என்ன சொல்லும்? புல்டாக் அண்ணா, "ஊர் தன் மனசை அந்த ஒரு நாளில் வைத்திருக்கிறது" என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கனம் கடைசியில் போய் இறங்குவது இந்தப் பையன் தலையில்.

#10 புல்டாக் மாப்பிள்ளை

தங்கச்சி, பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை அழித்துவிட்டேன். நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஊர் அந்த ஆட்டத்தை நேசிப்பதை விட்டுவிட வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது, அது எங்கள் வீட்டில் நான்கு பேருடைய வாழ்க்கை. பையனை உட்காரவைத்த கோச்சுக்கு எதிராகக் கூச்சல் எழுந்தால் நான் அந்தப் பக்கம் நிற்கமாட்டேன். இது வரைக்கும் உறுதியாகச் சொல்ல முடியும்.

#11 கோவைப் பையன்

படிச்சுட்டு நானே தேடிப் பார்த்தேனுங்க. மாஸிலன் 2023-ல மாநிலப் பட்டம் அடிச்சிருக்காங்களே, ஃபைனல் ஸ்கோர் 7-2-ன்னு இருக்குது. இந்த ஆட்டத்துல இப்படி ஒரு ஸ்கோர் வருமுங்களா?

#12 ஏரிக்கரை

வரும் தம்பி, அபூர்வமாக. பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச்டவுன்; அதுவும் அதற்குமேல் உதைத்த கூடுதல் புள்ளியும் சேர்ந்து ஏழு. எதிரணிக்கு ஒரு சேஃப்டி, அதாவது பந்து வைத்திருப்பவரை அவருடைய கடைசிக் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கியது, அதற்கு இரண்டு. தடுப்பாட்டம் தடுப்பாட்டத்தோடு முட்டிக்கொண்ட இரவு அது.

அந்த 7-2-க்குப் பின்னால் உள்ளதைச் சொல்கிறேன், இந்த இழைக்கு அது பொருந்தும். ஒஹாயோவில் பிளேஆஃப் முறை, அதாவது சீசன் முடிந்ததும் மாநிலப் பட்டத்துக்காகத் தோற்றவர் வெளியேறும் ஆட்டங்கள், 1972-ல்தான் வந்தது. அதற்கு முன்பு பத்திரிகை வாக்கெடுப்பில் மாஸிலன் குவித்த பட்டங்கள் ஏராளம். பிளேஆஃப் வந்த பிறகு ஒன்றுகூட இல்லை. 1980, 1982-ல் ஃபைனலில் சின்சினாட்டி மோலரிடம் தோல்வி. 2005-ல் மறுபடி ஃபைனல், மறுபடி தோல்வி. ஐம்பது வருஷ ஏக்கம்.

2015-ல் நேட் மூர் வந்தார். அதற்கு முந்தின வருஷம்தான் சின்சினாட்டி லசால் பள்ளிக்கு மாநிலப் பட்டம் வாங்கிக்கொடுத்தவர். மாஸிலனில் 2018-ல் ஃபைனல், அக்ரனின் ஆர்ச்பிஷப் ஹோபனிடம் தோல்வி. 2019-ல் ஃபைனல், தோற்றது அவருடைய பழைய லசாலிடம். 2020-ல் ஃபைனல், திரும்பவும் ஹோபனிடம். பால் பிரவுனுக்கு மெக்கின்லி மூன்று வருஷம் என்றால் மூருக்கு ஃபைனல் மூன்று வருஷம். அவரை வைத்திருந்தார்கள். 2023-ல் ஒரு ஆட்டமும் தோற்காமல் 16-0, ஃபைனலில் எதிரே அதே ஹோபன். ஆடிய இடம் கேன்டனில் புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் பக்கத்திலுள்ள டாம் பென்சன் ஸ்டேடியம். மெக்கின்லியின் சொந்த மைதானம்! எட்டு மைல் தள்ளி, பரம எதிரியின் வீட்டு வாசலில், ஐம்பது வருஷம் காத்திருந்த கோப்பையை வாங்கினார்கள். நான் அன்று தொலைக்காட்சி முன்னால் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

மூன்றாவது ஃபைனலும் தோற்ற 2020-ல் "இந்த மனுஷனுக்குப் பெரிய ஆட்டம் வராது" என்று அவரை அனுப்பியிருந்தால்?

#13 டொரன்டோ அண்ணை

ஏரிக்கரை அண்ணை, நல்லா எழுதினீங்கள். எண்டாலும் டீச்சரும் நர்ஸ் பிள்ளையும் கேட்டதுக்கு இதில விடை இல்லை. 16-0 எடுத்தவரும் பெடியனோட எப்பிடி நடக்கிறார் எண்டது தனிக் கேள்வி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ.

#14 ஏரிக்கரை

சரிதான் அண்ணா. அது தனிக் கேள்விதான். என் பதிலில் அது இல்லை.

#15 கேன்டன்வாசி

எல்லோருக்கும் நன்றி. நான் ஒன்றை மறைத்துவிட்டுத்தான் இந்த இழையைத் தொடங்கினேன், இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் மகன் இந்த சீசனில் அனேகமாக பெஞ்சில்தான் இருந்தான். இரண்டு வாரம் முன் கோச்சுக்கு ஒரு நீளமான மெயில் எழுதி வைத்தேன், இன்னும் அனுப்பவில்லை. அதில் நான் எழுதியிருந்ததெல்லாம் அவன் எத்தனை நிமிஷம் ஆடினான், யாருக்குப் பதில் அவனை இறக்கியிருக்கலாம் என்பதுதான். கார் நிறுத்திய இடத்தில் கேட்ட அதே பேச்சை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று இரவு சாப்பிடும்போது அவனிடம் கேட்டேன்: "உங்க கோச் எப்படிடா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். பயிற்சியில் ஒரு நாள் தடுமாறி விழுந்தானாம், எழுந்து ஓடப் போனானாம். அவர் பிடித்து நிறுத்தி, மருத்துவ உதவியாளர் பார்த்துச் சொல்லும்வரை பக்கத்திலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாராம். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் அன்றைக்கு ஓட விடவில்லையாம். "எனக்குக் கோபம் வந்தது அப்பா" என்றான். எங்களிடம் இதை அவன் அதுவரை சொல்லவே இல்லை.

மெயிலை அழித்துவிட்டேன். வேறு ஒன்று எழுத வேண்டும், சின்னதாக.

புல்டாக் மாப்பிள்ளை, அடுத்த மாதம் பத்தாவது வார ஆட்டத்துக்கு நீங்களும் மாமனாரும் போகிறீர்களா? மகனைக் கூட்டிவரலாம் என்று இருக்கிறேன்.

#16 புல்டாக் மாப்பிள்ளை

கட்டாயம். டிக்கெட் நான் எடுக்கிறேன், எங்கள் பக்கம்தான் உட்கார வேண்டும், அதில் மாமனார் விட்டுக்கொடுக்கமாட்டார். சீக்கிரமே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது. தம்பிக்கு ஒரு கம்பளிக் குல்லா கொண்டுவாருங்கள், அந்த மேல் படிகளில் காற்று எலும்பு வரைக்கும் போகும்.